போஸ்டிகாவின் கணக்கு

சாவி, ஜன்னல், அலமாரி. திருநெல்வேலியில் எந்த வீட்டிலும் புழங்கும் இந்த மூன்றும் போர்ச்சுகீசியர் விட்டுப்போன சொற்கள். பதினாறாம் நூற்றாண்டில் முத்துக்காக வந்தவர்களுக்கு, தாமிரபரணி கடலில் சேரும் புன்னைக்காயல் ஒரு முக்கியமான தளம். 1658-ல் டச்சுக்காரர்கள் தூத்துக்குடியைப் பிடித்ததும் அந்த ஆட்சி முடிந்தது. இன்றைக்குப் பாளையங்கோட்டைப் பசங்களிடம் போர்ச்சுகல்னு சொன்னா வர்ற பேர் ஒண்ணுதான்: ரொனால்டோ.

அந்த ரொனால்டோவோடு தேசிய அணியில் பல வருஷம் ஆடிவிட்டு, பிறகு சென்னைக்கே வந்து இரண்டு கோல் அடித்த ஒரு ஃபார்வர்ட் இருக்கிறார். ஹெல்டர் போஸ்டிகா. பல பேருக்கு ஞாபகம் இருக்காது.

1982-ல் விலா டோ கோண்டேயில் பிறந்தவர். ஆவே ஆறு அட்லாண்டிக்கில் கலக்கும் ஊர் அது. புன்னைக்காயல் மாதிரியே கழிமுகம், மீன்பிடி. கடலோடிகளின் காலத்தில் அங்கே கப்பல்களும் கட்டினார்கள். போர்ட்டோ கிளப்பில் மொரின்யோவின் கீழ் வளர்ந்து, 2003-ல் இங்கிலாந்தின் டாட்டன்ஹாமுக்குப் போனார். 19 லீக் ஆட்டங்கள், ஒரே கோல். அவர் விட்டுப்போன போர்ட்டோ அதே சீசனில் சாம்பியன்ஸ் லீக்கை வென்றது. தப்பான நேரத்தில் கம்பெனி மாறினவங்களுக்கு இந்த வலி புரியும்.

ஃபார்வர்டின் வேலையில் ஒரு கொடுமை உண்டு. டிஃபெண்டர் எத்தனை ஆபத்தைத் தடுத்தார் என்று ஊரில் யாரும் எண்ணுவதில்லை. ஃபார்வர்டுக்கு மட்டும் கோல் கணக்கு நெற்றியில் ஒட்டியிருக்கும். எங்கள் துறையிலும் முடித்த டிக்கெட்டுகளை எண்ணி ஆளை எடை போடுவார்கள். கஷ்டமான ஒன்றை ஒரு வாரம் பிடித்துத் தொங்கினவன் அந்தக் கணக்கில் சோம்பேறி.

அப்படி ஒற்றை கோலோடு ஊர் திரும்பிய 21 வயதுப் பையனைத்தான் 2004 ஜூன் 24 அன்று லிஸ்பனில், யூரோ காலிறுதியில், பயிற்சியாளர் ஸ்கொலாரி களமிறக்கினார். 75-வது நிமிடம், இங்கிலாந்து 1-0 முன்னிலை, வெளியே எடுக்கப்பட்டவர் ஃபிகோ! 83-வது நிமிடத்தில் போஸ்டிகா தலையால் முட்டிச் சமன் செய்தார். கூடுதல் நேரம் 2-2 என முடிந்து, ஆட்டம் பெனால்டிக்குப் போனது. ஐந்து ஐந்து உதைகளுக்குப் பிறகும் சமம். ஆறாவதை இங்கிலாந்து அடித்துவிட்டது. போஸ்டிகா தவறவிட்டால் போர்ச்சுகல் வெளியே. ஓடி வந்தவர் பந்தின் அடியில் லேசாகக் கிள்ளிவிட்டார். கோல்கீப்பர் ஜேம்ஸ் பக்கவாட்டில் பாய, பந்து மெதுவாக நடுவில் போய் விழுந்தது. 1976-ல் செக்கோஸ்லோவாகியாவின் பனேன்கா யூரோ இறுதிப் போட்டியில் காட்டிய வித்தை. போர்ச்சுகல் 6-5 என ஜெயித்தது.

அதன்பின் நிறைய ஊர்கள். பிரான்ஸ், கிரீஸ், ஸ்பெயின், இத்தாலி. நாட்டுக்காக 71 ஆட்டங்கள், 27 கோல்கள். 2004, 2008, 2012 மூன்று யூரோக்களிலும் கோல். ஆனாலும் எந்த கிளப்பிலும் அவர் சிலையாக நிற்கவில்லை. வேலை இருக்கும் இடத்துக்குப் போனார்.

அந்த வழியில்தான் 2015-ல் அட்லெடிகோ டி கொல்கத்தாவின் நட்சத்திர வீரராக இந்தியா வந்தார். ஐ.எஸ்.எல்.-ஐ அப்போது பலரும் ‘பென்ஷன் லீக்’ என்று கிண்டல் செய்தார்கள். அக்டோபர் 3, சென்னை நேரு மைதானம், சீசனின் முதல் ஆட்டம். போஸ்டிகா இரண்டு கோல் அடித்தார்; கொல்கத்தா 3-2 என ஜெயித்தது. ஆனால் அதே ஆட்டத்தில் காயம். அந்த சீசன் அவருக்கு அத்தோடு சரி. டிசம்பர் வெள்ளத்தால் சென்னையின் அரையிறுதி புனேவுக்கு மாறியது. அங்கே சென்னை கொல்கத்தாவை 3-0 என வென்று, பின்னர் கோப்பையும் எடுத்தது. போஸ்டிகா களத்தில் இல்லை.

சொந்த ஊர் கிளப்பான ரியோ ஆவேயில் சில மாதம் ஆடிவிட்டு, 2016-ல் மறுபடியும் கொல்கத்தாவுக்கே வந்தார். டிசம்பர் 18 அன்று கொச்சியில் கேரளாவைப் பெனால்டியில் வீழ்த்தி அணி கோப்பை வென்றது. அவருடைய கடைசி கிளப் அதுதான். பென்ஷன் வாங்க வந்தவனுக்கு, காயத்தோடு போன இடத்துக்குத் திரும்பி வர வேண்டிய அவசியம் என்ன?

புன்னைக்காயலுக்கு வந்த போர்ச்சுகீசியருக்குப் பின்னால் ஒரு ராஜாவும் பீரங்கியும் இருந்தன. போஸ்டிகாவிடம் இருந்தது ஒரு ஒப்பந்தத் தாளும் முப்பது தாண்டிய முழங்கால்களும். நெல்லையிலிருந்து சென்னைக்கும் துபாய்க்கும் ஒப்பந்தத்தில் போகிற நம்மாட்களுக்கு இவர்தான் கிட்டத்துச் சொந்தம். எங்கே போய் முடிந்தான் என்பதை வைத்து ஒருத்தனை எடை போடுவது சுலபம். போன இடத்திலெல்லாம் பந்து காலுக்கு வந்தபோது என்ன செய்தான் என்று பார்ப்பதுதான் நியாயம். சென்னையில் அந்த முதல் ஆட்டத்தில் அவர் கணக்கு இரண்டு கோல். அது போதும்.