கொசஸ்தலையாற்றுக் கற்களும் படைப்பின் கடவுளும்

கடவுள்மேல் வைக்கும் விசுவாசமும் பரிணாமக் கொள்கையும் ஒருங்கே நிற்கக் கூடுமோ என்னும் வினா, நம் இறையியல் வகுப்புகளில் பெரும்பாலும் மேல்நாட்டு வழக்காகவே ஆராயப்படுகிறது. 1859இல் டார்வின் வெளியிட்ட நூலையும், 1860இல் ஆக்ஸ்போர்டில் பேராயர் வில்பர்ஃபோர்சுக்கும் ஹக்ஸ்லிக்கும் இடையே எழுந்த வாதத்தையும் சொல்லிப் பாடத்தை முடித்துவிடுகிறோம். ஆனால் இராயபுரம், திருவொற்றியூர், எண்ணூர்ச் சபைகளில் ஊழியம் செய்வோர்க்கு இது அயல்நாட்டு வினா அன்று. அவர்தம் ஊர்களின் ஆற்றிலும் தொழிலாளர் வரலாற்றிலும் இது வேரூன்றியுள்ளது. அவ்வரலாற்றை அறியாமல் விடை கூறப் புகுவது நலமாகாது.

ஆற்றங்கரைச் சான்று

எண்ணூர்க் கழிமுகத்தில் கடலோடு கலக்கும் கொசஸ்தலையாற்றின் மேற்பகுதியில், பூண்டி நீர்த்தேக்கத்திற்கு அருகே அத்திரம்பாக்கம் என்னும் சிற்றூர் உள்ளது. இந்திய நிலவியல் ஆய்வுத் துறையைச் சேர்ந்த இராபர்ட் புரூஸ் ஃபூட், 1863 மே 30இல் பல்லாவரத்துச் சரளைக் குழியொன்றில் பழங்கற்காலக் கருவியைக் கண்டெடுத்தார். அவ்வாண்டு செப்டம்பர் 28இல் அவரும் அவருடைய துறைத்தோழர் வில்லியம் கிங்கும் அத்திரம்பாக்கத்தில் கைக்கோடரிகளைக் கண்டனர். இந்திய மண்ணில் மனிதனின் தொன்மையைக் குறித்த ஆராய்ச்சி இங்ஙனம் சென்னையைச் சூழ்ந்த நிலத்திலேயே தோன்றியது. சாந்தி பப்புவும் அவர்தம் குழுவினரும் 2011இல் வெளியிட்ட ஆய்வின்படி, அத்திரம்பாக்கத்தின் கைக்கோடரிகள் குறைந்தது 10 லட்சத்து 70 ஆயிரம் ஆண்டுகளுக்கு முற்பட்டவை. சராசரிக் கணக்கில் ஏறத்தாழ 15 லட்சம் ஆண்டுப் பழமையுடையவை.

இந்த ஃபூட் யாருடைய மருமகன் என்பதைத் திருச்சபையார் நினைவுகூர வேண்டும். யாழ்ப்பாணத்தில் வெஸ்லியன் அருட்பணியாளராக உழைத்து, ஆறுமுக நாவலரின் துணையோடு திருமறையைத் தமிழாக்கி, பின்னர்ச் சென்னை மாநிலக் கல்லூரியில் பேராசிரியராயிருந்த பீட்டர் பெர்சிவல் ஐயரின் மகளையே அவர் மணந்திருந்தார். அக்காலத்து ஆங்கிலத் திருமறைப் பதிப்புகள் பலவற்றின் ஓரங்களில், பேராயர் அஷர் கணித்தபடி, படைப்பின் ஆண்டு கி.மு. 4004 என்று அச்சிடப்பட்டிருந்தது. ஆகவே ஆதியாகமத்தைத் தமிழில் தந்தவரும், அவ்வோரக் குறிப்பு நிலைக்க முடியாது என்பதற்குக் கல்லில் சான்று காட்டியவரும் ஒரே குடும்பத்தினர். அச்சான்றினால் சாய்ந்தது ஓரக் குறிப்பே. மூல வசனம் அன்று. இவ்வேறுபாட்டை மறந்த இடங்களில்தான் பெரும்பாலான பூசல்கள் எழுந்தன.

தொழிலாளர் நடுவே எழுந்த வினா

பரிணாமக் கொள்கை தமிழ்ப் பொதுமக்களை அடைந்த வழி வேறு. மீனவச் சமுதாயத்தில் 1860இல் பிறந்து, 1921இல் வட சென்னை ஆலைத் தொழிலாளரின் போராட்டத்தில் துணைநின்று, 1923இல் சென்னைக் கடற்கரையில் மே நாளைக் கொண்டாடிய ம. சிங்காரவேலர், 1930களில் ‘குடி அரசு’ இதழில் அறிவியல் கட்டுரைகளை எளிய தமிழில் எழுதினார். அண்டத்தின் தோற்றமும் உயிர்களின் படிமுறை வளர்ச்சியும் அவற்றில் விளக்கப்பட்டன. அவர் எழுத்தில் அக்கொள்கை கடவுள் மறுப்போடு இணைந்தே வந்தது.

அம்மறுப்புக்கு ஒரு காரணம் உண்டு. மேல் கீழ் என்னும் பிறப்பு வேறுபாட்டையும், உழைப்போரின் வறுமையையும் இறைவன் வகுத்த நியதி என்று போதித்தோர் இந்நாட்டில் இருந்தனர். எல்லாம் மாறி வந்தவை, ஆதலால் மாற்றக்கூடியவை என்னும் செய்தி உழைக்கும் மக்களுக்கு விடுதலைச் செய்தியாக ஒலித்தது. அவர்கள் தள்ளியது எந்தக் கடவுளை என்று நாம் கேட்டோமா? வறுமையை விதித்து வாளாவிருக்கும் தெய்வத்தைத் தீர்க்கரும் தள்ளினர் என்று எடுத்துரைக்கும் வாய்ப்பு நமக்கு இருந்தது.

முரண்பாடு எங்கே?

பரிணாமம் என்பது உயிரினங்கள் எவ்வாறு மாறின என்று கூறும் அறிவியல் விளக்கம். கடவுள் இல்லை என்பது அவ்விளக்கத்தின் மேல் ஏற்றப்படும் தத்துவ முடிபு. முன்னதை ஏற்போர் பின்னதையும் ஏற்கவேண்டும் என்ற நியதி இல்லை. 1884இல் பாம்ப்டன் விரிவுரைகளில் இப்பொருளை ஆராய்ந்து பரிணாமத்தை ஏற்றுப் பேசிய பிரெடரிக் டெம்பிள், பின்னர்க் காண்டர்பரித் தலைமைப் பேராயரானார். அதற்குப் பதினான்கு நூற்றாண்டுகளுக்கு முன்பே அகுஸ்தீனார், இயற்கையைக் குறித்துத் தவறானவற்றைத் திருமறையின் பெயரால் பேசுவது திருமறைக்கே இழிவு தேடும் என்று எச்சரித்திருந்தார்.

தாயின் கருவில் தேவன் தம்மை உருவாக்கினார் என்று 139ஆம் சங்கீதக்காரர் அறிக்கையிடுகிறார். கருவின் வளர்ச்சியை மருத்துவ நூல் படிப்படியாக விளக்குகிறது. இவ்விரண்டையும் நாம் முரணாகக் கருதுவதில்லை. ஒரு மனிதனைக் குறித்து ஒப்புக்கொள்வதை மனித குலத்தைக் குறித்து ஏன் மறுக்கவேண்டும்? தேவசாயல் என்பது உடலின் மரபுவழியைப் பற்றியதன்று; தேவனோடு உறவுகொள்ளவும் படைப்பைப் பேணவும் பெற்ற அழைப்பைப் பற்றியது.

எனினும் கடினமான வினா ஒன்று உண்டு. பாவத்தினால் மரணம் வந்தது என்று ரோமர் 5ஆம் அதிகாரத்தில் பவுல் போதிக்கிறார். எண்ணூர்க் கரையில் கப்பலிலிருந்து இறங்கும் தால்ச்சர் நிலக்கரியோ, 25 கோடி ஆண்டுகளுக்கும் முன்னர் மடிந்த காடுகளின் எச்சம். மனிதன் தோன்றுமுன்னே உயிர்கள் மடிந்தன என்பதை இது காட்டுகிறது. பவுலின் வாதம் மனிதருக்கு நேர்ந்த மரணத்தையும், கிறிஸ்துவில் அவர்கள் பெறும் ஜீவனையும் மையமாகக் கொண்டது என்பதே நம் துணிபு. ஆயினும் ஆதாமை எங்ஙனம் விளங்கிக்கொள்வது என்பதில் உண்மையுள்ள விசுவாசிகள் வேறுபடுகின்றனர். அவ்வேறுபாட்டை மறைத்து எளிய இசைவு காட்டுவது இறையியல் ஆகாது. தெரிவில் அழிந்த எண்ணற்ற உயிர்களின் வேதனையையும் நாம் மறக்கலாகாது. படைப்பு தவித்துப் பெருமூச்சு விடுகிறதென்று அதே நிருபத்தின் 8ஆம் அதிகாரம் போதிப்பதை அங்கே வைத்து வாசிக்கவேண்டும்.

ஆயரின் பொறுப்பு

இவ்வட்டார சபைகளின் இளைஞர் துறைமுகத்திலும் அனல்மின் நிலையத்திலும் மணலிச் சுத்திகரிப்பு ஆலையிலும் பணிபுரிகின்றனர். நிலக்கரியும் கச்சா எண்ணெயும் எத்தனை கோடி ஆண்டுகளில் உருவாயின என்பதை அவர்கள் கற்றிருக்கின்றனர். விசுவாசமா, பரிணாமமா, ஒன்றையே தெரிந்துகொள் என்று பிரசங்க பீடத்திலிருந்து நாம் வற்புறுத்தினால், அவர்களுள் சிலர் வாக்குவாதம் செய்யாமலே சபையை விட்டு விலகுவர். அவ்விலகலுக்கு டார்வினைக் குற்றஞ்சாட்டுதல் நியாயமன்று.

ஆகவே திடப்படுத்தல் வகுப்பிலேயே இப்பொருளைக் கற்பித்தல் வேண்டும். ஃபூட் சேர்த்த கருவிகள் எழும்பூர் அருங்காட்சியகத்தில் உள்ளன. பூண்டியில் தொல்பழங்கால அருங்காட்சியகமும் உள்ளது. மாணவரை அங்கே அழைத்துச் சென்று அக்கற்களைக் காட்டுவோம். பின்னர் ஆதியாகமத்தின் முதல் அதிகாரத்தை அவர்களோடு வாசிப்போம். உலகம் யாருடையது, மனிதன் எதற்காக அழைக்கப்பட்டான் என்பதே அவ்வதிகாரம் விடையிறுக்கும் வினா என்பதை அவர்கள் தாமே கண்டுகொள்வர்.