கூடையும் உடன்பாடும்: மரக்கறிப் பெட்டியின் வரலாறு

நாம் புலம்பெயர்ந்து வாழும் ஐரோப்பிய, வட அமெரிக்க நகரங்களிலே, வாரத்தில் ஒரு குறித்த நாளில் மரக்கறிப் பெட்டியொன்று வாசலுக்கு வந்துசேரும் வீடுகள் பல உள்ளன. அப்பெட்டி கடையிலிருந்து வருவதன்று. நகருக்கு அண்மையிலுள்ள கமத்திலிருந்து நேரே வருவது. அதனுள் என்ன இருக்குமென்பதைப் பெரும்பாலும் வாங்குவோர் தீர்மானிப்பதில்லை. அந்த வாரம் நிலம் எதைத் தந்ததோ அதுவே பெட்டிக்குள் இருக்கும். கோடையில் தக்காளியும் போஞ்சியும், மாரியில் கோவாவும் லீக்ஸும் கிழங்குகளும் வரும்.

நம்மவரிற் பலர் இதனை வசதி படைத்தோரின் புதுமோகம் என்று எண்ணிக் கடந்து செல்வதுண்டு. இரண்டு வேலை செய்து வாடகை கட்டும் குடும்பத்துக்கு மலிவு விலைக் கடையே துணை என்பதை நாம் மறுக்கவில்லை. ஆயினும் இந்தப் பெட்டியின் வரலாற்றைச் சற்று ஆராய்ந்தால், அது செல்வந்தரின் மோகத்திற் பிறந்ததன்று என்பது புலனாகும். கமக்காரனின் நட்டத்தை யார் சுமப்பது என்ற பழைய கேள்விக்கு, வெவ்வேறு நாடுகளின் சாதாரண மக்கள் கண்ட விடையே அது.

அந்தக் கேள்வி நமக்குப் புதியதன்று. 1970ஆம் ஆண்டுக்குப் பின்னர் இலங்கையில் இறக்குமதி கட்டுப்படுத்தப்பட்டபோது, யாழ்ப்பாணத்துச் செம்மண்ணில் மிளகாயும் வெங்காயமும் பொன்னாக விளைந்தன. 1977ஆம் ஆண்டில் ஆட்சி மாறி இறக்குமதிக் கதவுகள் திறக்கப்பட்டதும் விலைகள் சரிந்தன. நிலமும் மாறவில்லை, உழைப்பும் குறையவில்லை. எங்கோ எடுக்கப்பட்ட தீர்மானத்தின் முழுப்பாரமும் தோட்டக்காரன் தலையில் விழுந்தது. உண்பவன் மலிவாக உண்டான், விளைவித்தவன் கடனாளியானான். விளைவிப்பவனும் உண்பவனும் ஒருவரையொருவர் அறியாதிருக்கும் சந்தையின் இயல்பு இதுவே.

தபாலில் வந்த மரக்கறி

இவ்விருவரையும் நேரடியாக இணைக்க வேண்டும் என்னும் எண்ணம் நூறாண்டுகளுக்கு மேற்பட்டது. அமெரிக்க அஞ்சற் சேவை 1913 ஜனவரி 1ஆம் நாள் பொதித் தபாலைத் தொடங்கியது. அடுத்த ஆண்டிலேயே, அஞ்சல் துறைத் தலைவராயிருந்த அல்பேர்ட் பேர்ள்சன், 'கமத்திலிருந்து மேசைக்கு' என்ற திட்டமொன்றை ஆரம்பித்தார். முட்டை, வெண்ணெய், கோழி, மரக்கறி முதலியவற்றை விற்க விரும்பும் கமக்காரரின் பெயர்களைத் திரட்டி, தெரிந்தெடுத்த நகரங்களின் தபாலகங்கள் பட்டியலாக வழங்கின. நகரவாசி கடிதம் எழுதினால், பொருள் தபாலில் வந்துசேரும். தரகனுக்கு அங்கே இடமில்லை.

திட்டம் அழகியது, ஆயினும் அது வேரூன்றவில்லை. கமக்காரர் நகரத்துச் சில்லறை விலையை எதிர்பார்த்தனர். வாங்குவோரோ அதனிலும் மலிவை எதிர்பார்த்தனர். ஒவ்வொரு கொள்வனவுக்கும் கடிதப் போக்குவரத்து வேண்டியிருந்தது. முட்டைகள் உடைந்தன, காய்கள் வாடின. பழுதான பொருளுக்கு யார் பொறுப்பு என்பதில் மனக்கசப்பு எழுந்தது. சில ஆண்டுகளில் அம்முயற்சி மங்கிப்போயிற்று. பாதை அமைக்கப்பட்டது, பாதையின் இரு முனைகளிலும் நின்றவர்களிடையே உறவு அமைக்கப்படவில்லை. அடுத்து வந்தவர்கள் இவ்விடத்திலிருந்தே தொடங்கினர் எனலாம்.

யப்பானியத் தாய்மாரின் அச்சம்

போருக்குப் பிந்திய யப்பானில் தொழில்வளம் பெருகியது. கூடவே நஞ்சும் பெருகியது. 1955ஆம் ஆண்டில் ஆசனிக் கலந்த பால்மாவினால் நூற்றுக்கு மேற்பட்ட குழந்தைகள் இறந்தன. பல்லாயிரம் குழந்தைகள் நோயுற்றன. 1956ஆம் ஆண்டில் மினமாத்தா என்ற கடற்கரையூரில், தொழிற்சாலைக் கழிவிலிருந்த பாதரசம் மீன் வழியாக மனித உடலிற் சேர்ந்து விளைவித்த கொடிய நோய் வெளிச்சத்துக்கு வந்தது. வயல்களிலே பூச்சிநாசினி கட்டுப்பாடின்றித் தெளிக்கப்பட்டது. பிள்ளைக்கு எதை ஊட்டுவது என்ற அச்சம் தாய்மாரை வாட்டியது.

இச்சூழலில் 1971ஆம் ஆண்டு, கூட்டுறவு இயக்கத்தில் ஊறிய தெருவோ இச்சிராக்கு என்பவரின் முன்முயற்சியால், யப்பானிய இயற்கை வேளாண்மைச் சங்கம் தோன்றியது. நகரத்து இல்லத்தரசிகள் குழுக்களாகச் சேர்ந்து கிராமத்துக் கமக்காரருடன் நேரே உடன்பாடு செய்தனர். இதற்குத் 'தெய்க்கெய்' என்று பெயர். கைகோத்துச் செல்லுதல் என்பது அச்சொல்லின் கருத்தெனக் கொள்ளலாம். 1978ஆம் ஆண்டில் இவ்வியக்கம் பத்து நெறிகளை வகுத்துக்கொண்டது. என்ன பயிரிடுவது என்பதை இரு சாராரும் கலந்து தீர்மானிக்க வேண்டும். விளைந்தது முழுவதையும் உண்போர் ஏற்றுக்கொள்ள வேண்டும். விலையை ஒருவர்க்கொருவர் விட்டுக்கொடுத்து நிர்ணயிக்க வேண்டும். விநியோகத்தைத் தாமே செய்ய வேண்டும் என்பன அவற்றுட் சில.

விளைந்தது முழுவதையும் ஏற்றல் என்ற நெறி ஆழ்ந்து நோக்கத்தக்கது. கோணலான கரட்டையும், புழு அரித்த கோவா இலையையும், ஒரே வாரத்தில் வந்து குவியும் முள்ளங்கியையும் ஏற்பது அது. சந்தை கழித்துவிடுவதைக் குடும்பம் ஏற்றுக்கொள்கிறது. அந்த ஒரு நெறியினால், கமக்காரனின் நட்டத்தில் ஒரு பங்கு நகரத்து அடுக்களைக்கு இடம் மாறியது.

ஜெனீவாவின் தோட்டம்

ஏறத்தாழ அதே காலத்தில் சுவிற்சர்லாந்திலும் இவ்வெண்ணம் துளிர்விட்டது. 1978ஆம் ஆண்டில் ஜெனீவாவில் 'கொக்கான் தோட்டங்கள்' என்ற கூட்டுறவு அமைப்பு உருவாகியது. கொக்கான் என்பது பழைய ஐரோப்பியக் கதைகளில் வரும், பசியே அறியாத கற்பனை நாட்டின் பெயர். உறுப்பினர் ஆண்டுச் சந்தாவை முன்கூட்டியே செலுத்துவர். ஆண்டில் சில அரைநாட்கள் தோட்டத்தில் வேலையும் செய்வர். வாரந்தோறும் தத்தம் வட்டாரத்திலுள்ள பகிர்விடத்தில் தமது பங்கை எடுத்துச் செல்வர். தோட்டத்தில் உழைப்போருக்கு விதைக்கும் முன்னரே ஊதியம் உறுதியாகிவிடும். சூரிச் பகுதியில் 'தொப்பினம்பூர்' என்ற அமைப்பு இதே வழியிற் சென்றது.

ஜெனீவாத் தோட்டத்தின் பெயர் 1991ஆம் ஆண்டில் எல்லை கடந்தது. பிரான்சின் பெசான்சோன் நகருக்கு அருகே ஜோன்-கி ஹென்க்கெல் என்பவர் அதே பெயரில் ஒரு தோட்டத்தைத் தொடங்கினார். நீண்டகாலம் வேலையற்றிருந்தோர், வீடற்றோர் ஆகியோருக்கு அங்கே மரக்கறிச் செய்கையில் ஊதியத்துடன் வேலை வழங்கப்பட்டது. விளைச்சல் வாரக் கூடைகளாக உறுப்பினருக்குச் சென்றது. இன்று பிரான்ஸ் முழுவதும் இத்தகைய தோட்டங்கள் பல இயங்குகின்றன. ஒரு கூடை மரக்கறி ஒரு மனிதனை மீண்டும் சமூகத்துக்குள் கொண்டுவரலாம் என்பதை அவை காட்டியுள்ளன. தஞ்சம் கேட்டு வந்த நாட்டில் வேலை அனுமதிக்காகக் காத்திருந்த நமக்கு இதன் பெறுமதியை விளக்க வேண்டியதில்லை.

அலபாமாப் பேராசிரியர்

இவ்வரலாற்றைக் கூறுவோரிற் பலர் ஒரு பெயரை விட்டுவிடுகின்றனர். அமெரிக்காவின் அலபாமா மாநிலத்தில், கறுப்பின மக்களின் கல்விக்கென எழுந்த ரஸ்கீகி நிறுவனத்தில் பேராசிரியராயிருந்தவர் புக்கர் வட்லி. வற்றாளைக் கிழங்கின் புதிய இனங்களை உருவாக்கிய அறிஞர் அவர். 1920ஆம் ஆண்டில் அமெரிக்காவில் 9 இலட்சத்துக்கும் மேற்பட்ட கறுப்பினக் கமக்காரர் இருந்தனர். கடன் மறுப்பும், பாகுபாடும், பெரும் பண்ணைகளின் போட்டியும் சேர்ந்து அத்தொகையைச் சில தலைமுறைகளுக்குள் சில பத்தாயிரங்களாகச் சுருக்கின. எஞ்சியோராவது நிலத்தை இழக்காதிருக்க வழி என்ன என்பதே வட்லியின் கவலையாயிருந்தது.

நகரத்துக் குடும்பங்கள் கட்டணத்தை முன்கூட்டியே செலுத்தி உறுப்பினராகட்டும். விளைச்சற் காலத்தில் அவர்களே வந்து குறைந்த விலையில் அறுவடை செய்து கொள்ளட்டும் என்று அவர் 1970களில் போதித்தார். இதனால் சிறு கமக்காரனுக்கு விதைப்பதற்கு முன்னரே பணம் கிடைக்கும். வங்கியின் வாசலில் நிற்க வேண்டியதில்லை. நில உரிமையைக் காக்கும் ஆயுதமாக இம்முறையைக் கண்டவர் என்ற வகையில், வட்லி நம் நினைவில் நிற்க வேண்டியவர்.

பகிர்ந்து சுமத்தல்

சூரிச் முயற்சியில் பங்குகொண்ட ஜான் வாண்டர் ருயின் 1984ஆம் ஆண்டில் அமெரிக்கா திரும்பினார். மசச்சூசெற்ஸ் மாநிலத்தில், முன்னர் பாலர் பள்ளி ஆசிரியையாயிருந்த றொபின் வான் என் என்பவருடனும் வேறு சிலருடனும் சேர்ந்து அவர் திட்டம் வகுத்தார். 1985ஆம் ஆண்டு இலையுதிர் காலத்தில் அப்பிள் பங்குகளுடன் தொடங்கி, அடுத்த ஆண்டில் மரக்கறிப் பங்குகளை வழங்கினர். 'சமூகம் தாங்கும் வேளாண்மை' என்ற பெயர் அங்கிருந்தே பரவியது. 1997ஆம் ஆண்டில் இளவயதில் மறையும்வரை அவ்வம்மையார் இக்கருத்தைப் பரப்ப ஓயாது உழைத்தார்.

அதே 1986ஆம் ஆண்டில் நியூ ஹாம்ஷயர் மாநிலத்தில் ரெம்பிள்-வில்ற்றன் என்ற கமம் இன்னொரு படி முன்சென்றது. அதன் நிறுவனருள் ஒருவரான ட்றவுகர் குறோ, ஜேர்மனியின் ஹம்பேர்க் நகருக்கு அண்மையிலுள்ள புஷ்பேர்க்கோப் கமத்திலிருந்து வந்தவர். ஆண்டுச் செலவுக் கணக்கு உறுப்பினர் முன் வைக்கப்படும். ஒவ்வொருவரும் தத்தம் வசதிக்கேற்பத் தரக்கூடிய தொகையைக் கூறுவர். மொத்தம் நிறையும்வரை வசதியுள்ளோர் கூட்டித் தருவர். குறைவாகத் தருபவனும் நிறைவாகவே உண்பான். ஜேர்மனியில் 2011ஆம் ஆண்டில் உருவான ஒருமைப்பாட்டு வேளாண்மை வலையமைப்பிலுள்ள கமங்கள் பலவும் இம்முறையைக் கைக்கொள்கின்றன. பிரான்சில் இம்முயற்சி 2001ஆம் ஆண்டில், தூலோன் அருகே கமஞ்செய்த வுய்யோன் தம்பதியரால் தொடங்கப்பட்டது.

உடன்பாடு கழன்ற பெட்டி

இங்கிலாந்தில் இவ்வழக்கம் சற்று வேறு உருவங்கொண்டது. டெவன் பகுதியில் 1990களின் தொடக்கத்தில் கமக்காரர் சிலர் மரக்கறிப் பெட்டிகளை வீடுகளுக்கு விநியோகிக்கத் தொடங்கினர். 1993ஆம் ஆண்டில் கை சிங்-வாட்சன் தொடங்கிய றிவர்போர்ட் பெட்டிச் சேவை நாடெங்கும் வளர்ந்தது. அங்கே பங்கு இல்லை, முன்பணம் இல்லை. வாரவாரம் விலை கொடுத்து வாங்கலாம், வேண்டாவிடின் நிறுத்தலாம். எனினும் அந்நிறுவனர் தம் நிறுவனத்தை வெளி முதலாளிகளுக்கு விற்காமல், 2018ஆம் ஆண்டில் பெரும்பகுதியையும் 2023ஆம் ஆண்டில் மிகுதியையும் அங்கு உழைப்போரின் உடைமையாக்கினார் என்பதையும் சொல்லவே வேண்டும்.

இன்று பல வணிக நிறுவனங்கள் 'கமத்திலிருந்து நேரே' என்ற வாசகத்தை அச்சிட்ட பெட்டிகளை விற்கின்றன. அவற்றுட் சிலவற்றில் பல நாட்டுப் பழங்களும் மரக்கறிகளும் கலந்திருக்கும். எந்தக் கமம், யார் கமக்காரர் என்று கேட்டால் விடை கிடைக்காது. பெட்டி அதேதான், உடன்பாடு கழன்றுவிட்டது. 1914ஆம் ஆண்டின் தபாற்பொதி புதிய உடையில் மீண்டு வந்திருக்கிறது.

மறுபுறம், உடன்பாடும் சோதனைகளுக்கு அப்பாற்பட்டதன்று. யப்பானிய இயக்கத்தைத் தாங்கியது இல்லத்தரசிகளின் ஊதியமற்ற உழைப்பே. எடை போட்டு, பங்கு பிரித்து, கணக்கெழுதியவர்கள் அவர்கள். பெண்கள் வேலைக்குச் செல்லத் தொடங்கியதும் பல குழுக்கள் தளர்ந்தன. 2011ஆம் ஆண்டில் புக்குஷிமா அணு உலை விபத்தின் பின்னர், அப்பகுதிக் கமக்காரரை அவர்களது நெடுங்கால உறுப்பினரிற் பலர் கைவிட்டனர். பிள்ளைகளைக் காக்க எழுந்த உடன்பாடு, பிள்ளைகள் மீதான அச்சத்தாலேயே உடைந்தது. யாரையும் குறைகூற நாம் இதனைச் சொல்லவில்லை. நட்டத்தைப் பங்கிடுவோம் என்று வாக்களிப்பது எளிது. நட்டம் வரும் நாளிற் பங்கிடுவது அரிது.

2020ஆம் ஆண்டில் கொரோனாத் தொற்றினால் கடைத் தட்டுகள் வெறுமையானபோது, அயற்கமங்களின் வாசலில் மக்கள் குவிந்தனர். பல கமங்கள் புதியவர்களை ஏற்க இயலாது நிறுத்தின. ஏற்கெனவே உறுப்பினராயிருந்தோரின் பங்கு மட்டும் தவறாமற் சென்றது.

நமது பங்கு

நம்மவர் வீடுகளுக்கு இது பொருந்துமா என்று வாசகர் கேட்கலாம். முருங்கைக்காயும் கத்தரிக்காயும் வானூர்தியில் வரட்டும். அவை நம் நாவின் நினைவுகள். ஆயினும் அயற்கமத்துப் பெட்டியில் வருவன யாவும் நமக்கு அந்நியமல்ல. நோக்கோலும் லீக்ஸும் பீற்றூட்டும் கோவாவும் நம் ஊர்ச் சந்தைகளில் விற்றவையே. அறியாத கீரை வந்தால் வறை வறுத்துப் பார்க்கலாம். பெயர் தெரியாத கிழங்கு வந்தால் பாற்கறி வைக்கலாம்.

பெட்டிக்குப் பதிவு செய்யுமுன் சில கேள்விகளைக் கேட்டறிதல் நன்று. கமம் எங்கே உள்ளது? நேரிற் சென்று பார்க்கலாமா? பணம் கமக்காரருக்கு எப்போது செல்கிறது? வெள்ளமோ வரட்சியோ வந்தால் நட்டத்தை யார் ஏற்பர்? வசதி குறைந்தோருக்குக் குறைந்த கட்டணம் உண்டா? வேலை செய்து கழிக்கும் ஏற்பாடு உண்டா? இவற்றுக்கு நேரிய விடை தரும் கமங்கள் நாம் வாழும் நாடுகள் பலவற்றில் இருக்கின்றன. பெட்டி பெரிதெனில் இரு குடும்பங்கள் பங்கிட்டுக்கொள்ளலாம்.

நிலத்தை இழந்து வந்தவர்கள் நாம். இன்னொருவன் தன் நிலத்தை இழக்காதிருக்க வாரம் ஒரு கூடையளவு துணை நிற்பது நமக்குப் பெரும் சுமையாகாது.