திரைச்சீலையும் தடுப்புச் சுவரும்: புதுச்சேரி, மரக்காணம் வட்டாரத்தில் கிறிஸ்தவ நம்பிக்கையும் திருச்சபையும்

தமிழகத்தில் இயேசுவின் கதை இரண்டு வழிகளில் பரவியது. பங்கு, பங்குத்தந்தை, ஞானஸ்நானப் பதிவேடு, கல்லறை ஆகியவற்றைக் கொண்ட திருச்சபை ஒரு வழி. கூத்து, விளக்குப்படம், சினிமா ஆகிய காட்சிக்கலைகள் இன்னொரு வழி. முதல் வழியில் வந்தவர்களைத் திருச்சபை தன் கணக்கில் சேர்த்துக்கொண்டது. கோயிலுக்குள் யார் எங்கே உட்கார வேண்டும் என்பதையும் பல ஊர்களில் வகுத்தது. இரண்டாம் வழியில் வந்தவர்களில் பலர் எந்தப் பதிவேட்டிலும் இல்லை. இந்த இரு வழிகளுக்கும் இடையிலான இடைவெளியைப் புதுச்சேரி, மரக்காணம் வட்டாரத்தின் வரலாற்றை மையமாகக் கொண்டு இக்கட்டுரை விவரிக்கிறது.

வட்டாரம்

மரக்காணம் விழுப்புரம் மாவட்டத்தில் கிழக்குக் கடற்கரைச் சாலையில், சென்னைக்கும் புதுச்சேரிக்கும் இடையில் உள்ள உப்பள ஊர். சிறுபாணாற்றுப்படை குறிப்பிடும் எயிற்பட்டினம் இதுவே என்று ஆய்வாளர்கள் பலர் கருதுகின்றனர். ஊருக்கு மேற்கே கழுவெளி ஏரி பரந்து கிடக்கிறது. ஆந்திரத்திலிருந்து கடலோரமாக வரும் பக்கிங்காம் கால்வாய் இப்பகுதியில் முடிகிறது. கோடைக்காலமே உப்பு விளையும் காலம். மழை தொடங்கினால் பாத்திகள் நீரில் மூழ்கிவிடும், கூலி வேலையும் நின்றுவிடும்.

முத்துக்குளித்துறைக் கடற்கரையில் பரதவர் 16-ஆம் நூற்றாண்டிலேயே கூட்டமாகக் கத்தோலிக்கராயினர். மரக்காணம் பகுதியில் அப்படி நடக்கவில்லை. இங்குள்ள மீனவரான பட்டினவர் பெரும்பாலும் இந்துக்களாகவே நீடித்தனர். கிறிஸ்தவம் புதுச்சேரியிலிருந்து உள்நாட்டு வேளாண் கிராமங்களுக்கே அதிகம் சென்றது. பிரெஞ்சு இயேசு சபையினர் தொடங்கிய அப்பணியை, அச்சபை 1773-இல் கலைக்கப்பட்டபின், 1776-இல் பாரிஸ் வேதபோதக சபையினர் ஏற்றனர். இன்று இப்பகுதி புதுச்சேரி–கடலூர் உயர்மறைமாவட்டத்தைச் சேர்ந்தது.

சடங்குச் சர்ச்சையும் சம்பா கோயில் சுவரும்

திருச்சபைக்குள் சாதிக்கு இடம் உண்டா என்ற கேள்வி புதுச்சேரியில் 300 ஆண்டுகளுக்கு முன்பே எழுந்தது. போப்பாண்டவரின் தூதராக வந்த துர்னோன் 1704-இல் புதுச்சேரியில் ஓர் ஆணை பிறப்பித்தார். தமிழகத்தில் இயேசு சபையினர் உள்ளூர் வழக்கங்களோடு செய்துகொண்ட சமரசங்களை அது கண்டித்தது. பறையர் குடிசைகளுக்குள் நுழைந்து நோயாளிகளுக்குத் தேவதிரவிய அனுமானங்கள் வழங்கக் குருக்கள் தயங்கியது அந்தச் சமரசங்களுள் ஒன்று. அப்படி நுழைந்தால் உயர்சாதியினர் அக்குருக்களை ஏற்கமாட்டார்கள் என்பது இயேசு சபையினரின் வாதம்.

வழக்கு 40 ஆண்டுகள் நீண்டது. 1744-இல் பதினான்காம் பெனடிக்ட் ஆணை வெளியிட்டு இதை முடித்தார். பறையருக்கென்று தனிக் குருக்களை நியமிக்கும் திட்டத்தை அந்த ஆணை ஏற்றது. தீண்டாமையைக் கண்டித்துத் தொடங்கிய விசாரணை, தனித்தனிக் குருக்கள் என்ற ஏற்பாட்டில் வந்து நின்றது.

அடுத்த ஆண்டு, 1745 அக்டோபரில், ஆனந்தரங்கப் பிள்ளை தம் நாட்குறிப்பில் புதுச்சேரிச் சம்பா கோயிலில் நடந்த ஒரு தகராற்றை எழுதினார். பறையர் கிறிஸ்தவர்களை மற்றவர்களிடமிருந்து பிரிக்க அக்கோயிலுக்குள் ஒரு சுவர் இருந்தது. பறையர்கள் திரண்டு சென்று பெரிய குருவிடம், தாங்களும் அவருடைய சீடர்கள்தாம் என்றால் தங்களுக்கு ஏன் இந்தப் பாகுபாடு என்று முறையிட்டனர். சுவர் இடிக்கப்பட்டது. சாதிக் கிறிஸ்தவர்கள் கொதித்தெழுந்தனர். பிள்ளை வைணவர். கோயில் உள்விவகாரத்தில் அவருக்கு ஆதாயம் எதுவுமில்லை. ஆகவே அவருடைய பதிவு மதிப்புமிக்க வெளிச்சாட்சியாகிறது.

சுவர்கள் புதுச்சேரியோடு நிற்கவில்லை. திருநெல்வேலிச் சீமையின் வடக்கன்குளத்தில் 1872-இல் கட்டப்பட்ட ஆலயம், இரு சாதியினர் தனித்தனியே அமர்ந்து ஒரே பீடத்தைப் பார்க்கும்படி கால்சட்டையைப் போல இரண்டு கிளைகளாக அமைந்தது. அங்கிருந்த தடுப்புச் சுவர் 1910-இல் அகற்றப்பட்டபோது அது நீதிமன்ற வழக்காயிற்று. புராட்டஸ்தாந்து சபைகளும் விலக்கல்ல. 1833-இல் ஆயர் டேனியல் வில்சன் சபைக்குள் சாதி கூடாது என்று சுற்றறிக்கை அனுப்பியபோது அதை எதிர்த்தவர்களில் தஞ்சை வேதநாயக சாஸ்திரியாரும் ஒருவர். தமிழ்க் கிறிஸ்தவக் கீர்த்தனைகளின் முன்னோடியாகப் போற்றப்படுபவர் அவர். ஆழ்ந்த பக்தியும் சாதி வரிசையும் ஒரே மனிதருக்குள் சேர்ந்து வாழ முடியும் என்பதற்கு இது சான்று.

கூத்திலிருந்து சலனப்படத்துக்கு

கோயிலுக்கு வெளியே வேறொரு மரபு வளர்ந்தது. தவக்காலத்தில் இயேசுவின் பாடுகளை நடித்துக் காட்டும் பாஸ்கு, புனிதர் கதைகளைக் கூறும் வாசாப்பு முதலியவை தமிழகத்திலும் ஈழத்திலும் கத்தோலிக்க ஊர்களின் இரவுக் கலைகளாயின. 19-ஆம் நூற்றாண்டில் மிஷனரிகள் கண்ணாடிச் சட்டங்களில் தீட்டிய படங்களை விளக்கொளியில் பெரிதாக்கிக் காட்டிப் பிரசங்கம் செய்தனர். எழுதப் படிக்கத் தெரியாதவர்களுக்கு அதுவே வேதாகமம்.

1905-இல் இந்த மரபு சினிமாவோடு இணைந்தது. திருச்சியில் ரயில்வே ஊழியராக இருந்த சாமிக்கண்ணு வின்சென்ட், துப்பான் என்ற பிரெஞ்சுக்காரரிடமிருந்து படம் காட்டும் கருவியையும் இயேசுவின் வாழ்க்கையைக் காட்டும் மௌனப் படத்தையும் வாங்கினார். வேலையை விட்டுவிட்டுக் கூடாரம் அடித்து ஊர் ஊராகப் படம் காட்டினார். தமிழகத்தில் தொடங்கி வட இந்தியா வரை அவர் பயணம் நீண்டது. 1914-இல் கோவையில் வெரைட்டி ஹால் அரங்கைக் கட்டினார். தென்னிந்தியரின் சினிமாத் தொழில் இயேசுவின் கதையோடு தொடங்கியது என்று சொல்வது மிகையல்ல. அவரை எந்தச் சபையும் அனுப்பவில்லை. நுழைவுச்சீட்டு விற்ற வியாபாரி அவர்.

பம்பாயில் இதேபோன்ற ஒரு படம் வேறு விளைவைத் தந்தது. கிறிஸ்துவின் வாழ்க்கையைத் திரையில் பார்த்த தாதாசாகேப் பால்கேயின் மனத்தில் கிருஷ்ணனும் ராமனும் அதேபோல் ஓடினர். அந்த உந்துதலில் அவர் எடுத்த 'ராஜா ஹரிச்சந்திரா' 1913-இல் வெளிவந்தது. கிறிஸ்துவைப் பற்றிய படம் இந்தியப் புராணப் படத்துக்கு வித்தானது. பார்ப்பவர் எதை எடுத்துக்கொள்வார் என்பதைப் படம் காட்டுபவர் தீர்மானிக்க முடியாது என்பதை இந்திய சினிமாவின் தொடக்கமே காட்டிவிட்டது.

கூடாரத்தின் இருக்கை முறையும் கவனத்துக்குரியது. தரை, பெஞ்சு, நாற்காலி என்று அங்கும் பிரிவினை இருந்தது. ஆனால் அது காசைப் பொறுத்தது. தமிழர் அனைவரும் ஒரே கூரையின்கீழ் அமர்ந்த முதல் கலை அரங்கம் சினிமாக் கொட்டகையே என்று கார்த்திகேசு சிவத்தம்பி 1981-இல் வெளிவந்த நூலில் குறிப்பிட்டார். கோயிலுக்குள் சுவருக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் இருந்து பார்க்க வேண்டியிருந்த சிலுவையை, கொட்டகையில் அரையணா கொடுத்தவர்கள் எல்லாரும் ஒரே மணலில் அமர்ந்து பார்த்தார்கள்.

தமிழ்த் திரையில் கிறிஸ்தவம்

பேசும்பட காலத்தில் கிறிஸ்தவக் கதைகள் பொதுமக்களின் கதைகளாயின. நாடக மேடையில் ஏற்கெனவே புகழ்பெற்றிருந்த 'ஞானசௌந்தரி' கதையை 1948-இல் சிட்டாடல், ஜெமினி ஆகிய இரு நிறுவனங்கள் தனித்தனியே படமாக்கின. டி. ஆர். மகாலிங்கமும் எம். வி. ராஜம்மாவும் நடித்த சிட்டாடல் படமே வென்றது. சிற்றன்னையின் சூழ்ச்சியால் கைகளை இழந்த பெண்ணுக்கு மாதாவின் அருளால் கைகள் மீளும் கதை அது. நல்லதங்காள் கதைக்கு அழுத அதே பார்வையாளர்கள் இதற்கும் அழுதனர்.

1971-இல் கே. தங்கப்பன் இயக்கிய 'அன்னை வேளாங்கண்ணி' வெளிவந்தது. வேளாங்கண்ணிக்கு மொட்டையடிக்கவும் நேர்த்திக்கடன் செலுத்தவும் செல்பவர்களில் இந்துக்கள் பெருந்திரளானோர். படம் அவர்களுடைய பக்தியையே திரையில் காட்டியது. மாதாவை நம்ப ஞானஸ்நானம் தேவை என்று அவர்களிடம் யாரும் சொல்லவில்லை, அவர்களும் கேட்கவில்லை.

நற்செய்திப் படக்காட்சி

1970-களின் இறுதியில் இரு படங்கள் நிலைமையை மாற்றின. 'பாசமலர்' தந்த ஏ. பீம்சிங் இயக்கத்தில், விஜயசந்தர் இயேசுவாக நடித்த தெலுங்குப் படம் 'கருணாமயுடு' 1978-இல் வெளிவந்தது. டேஸ்பிரிங் இன்டர்நேஷனல் என்ற அமெரிக்க நற்செய்தி அமைப்பு அதைப் பல இந்திய மொழிகளில் கிராமங்களுக்குக் கொண்டுசென்றது. 1979-இல் கேம்பஸ் குருசேட் அமைப்பின் முயற்சியால் 'ஜீசஸ்' வெளிவந்தது. லூக்கா நற்செய்தியை அடியொற்றி இஸ்ரேலில் படமாக்கப்பட்ட இது, தமிழ் உட்பட 2,000-க்கு மேற்பட்ட மொழிகளில் குரல் மாற்றம் பெற்றுள்ளது. உலகில் மிக அதிக மொழிகளில் பெயர்க்கப்பட்ட படம் இதுவே.

இவற்றின் காட்சி முறை எளியது. ஊர்ப் பொதுவிடத்தில் இரண்டு கழிகளுக்கு இடையே வெள்ளைத்துணி கட்டப்படும். 16 மி.மீ. கருவியும் ஜெனரேட்டரும் வேனில் வந்து சேரும். கட்டணம் இல்லை. சிலுவைக் காட்சிக்குப் பின்னரோ படத்தின் முடிவிலோ ஊழியர் பேசி, இயேசுவை ஏற்க விரும்புவோரைக் கையுயர்த்தவோ ஜெபத்தைத் திரும்பச் சொல்லவோ அழைப்பார். 'ஜீசஸ்' படத்தின் இறுதியிலேயே அத்தகைய ஜெபம் சேர்க்கப்பட்டுள்ளது. பெயர்களைச் சீட்டுகளில் எழுதி வாங்குவதும் உண்டு. உயர்ந்த கைகளின் எண்ணிக்கை அறிக்கையாகி நன்கொடையாளர்களைச் சென்றடையும்.

இங்கேதான் இடைவெளி தெளிவாகத் தெரிகிறது. படத்தைப் பார்த்துக் கண்ணீர் விட்டவருக்கு அது பக்தி. முருகன் படத்துக்கு அருகில் இயேசு படத்தையும் மாட்டினால் அவருக்கு அது நிறைவு. கை உயர்த்தச் சொன்ன அமைப்புக்கு அது ஒரு முடிவு, ஒரு எண். மறுநாள் வேன் அடுத்த ஊருக்குப் போய்விடும். கைதூக்கியவர் உள்ளூர்ச் சபைக்குப் போனால், அது பெரும்பாலும் ஏதோ ஒரு சாதியின் தெருவில்தான் இருக்கும்.

பதிவேட்டில் இல்லாதவர்கள்

சபைக்கு வெளியே இயேசுவைப் பின்பற்றுவது தமிழகத்தில் புதிதல்ல. மிஷனரி காமரருடன் மோதிய சட்டாம்பிள்ளை, 1857-இல் நாசரேத் அருகே ஐரோப்பியர் ஆளுகை இல்லாத இந்து கிறிஸ்தவ சபையைத் தொடங்கினார். 1938 டிசம்பரில் தாம்பரத்தில் உலக மிஷனரி மாநாடு கூடியபோது, சென்னையைச் சேர்ந்த பி. செஞ்சையா, வி. சக்கரை முதலியோர் 'ரீதிங்கிங் கிறிஸ்டியானிட்டி இன் இந்தியா' என்ற நூலை வெளியிட்டு, கிறிஸ்துவை ஏற்பதும் மேற்கத்திய சபை அமைப்பை ஏற்பதும் ஒன்றல்ல என்று வாதிட்டனர்.

சென்னை குருகுலம் லுத்தரன் இறையியல் கல்லூரியில் பணியாற்றிய ஹெர்பர்ட் ஹோஃபர், ஞானஸ்நானம் பெறாமல் இயேசுவை வழிபடும் தமிழர்களை ஆராய்ந்தார். அந்த ஆய்வு 'சர்ச்லெஸ் கிறிஸ்டியானிட்டி' என்ற நூலாயிற்று. இவர்கள் சபையில் சேராததற்குக் குடும்பமும் சாதி உறவுகளும் முக்கியக் காரணங்கள் என்று அது காட்டியது. ஞானஸ்நானம் என்பது மனமாற்றத்தைவிடச் சமூகமாற்றமாகவே ஊரில் பார்க்கப்படுகிறது. மகளின் திருமணமும் பெற்றோரின் இறுதிச்சடங்கும் அதில் சிக்கிக்கொள்கின்றன.

சட்டமும் இதில் பங்கு வகிக்கிறது. 1950-ஆம் ஆண்டு குடியரசுத் தலைவர் ஆணை பட்டியல் சாதித் தகுதியை இந்துக்களுக்கு மட்டும் அளித்தது. பின்னர் 1956-இல் சீக்கியரும் 1990-இல் பௌத்தரும் சேர்க்கப்பட்டனர். கிறிஸ்தவரான தலித்துகளுக்கு அத்தகுதி இல்லை. தமிழக அரசு அவர்களைப் பிற்படுத்தப்பட்டோர் பட்டியலில் வைத்துள்ளது. ஆகவே ஞானஸ்நானப் பதிவேட்டில் ஏறும் பெயர் கல்வி, வேலை ஆகியவற்றின் உரிமையையும் தொடுகிறது.

எறையூர், 2008

இதே உயர்மறைமாவட்டத்தில், உளுந்தூர்பேட்டை அருகே எறையூர் உள்ளது. அன்று விழுப்புரம் மாவட்டத்தில் இருந்த இவ்வூர் 2019 முதல் கள்ளக்குறிச்சி மாவட்டத்தைச் சேர்ந்தது. இங்குள்ள ஜெபமாலை அன்னை ஆலயத்தில் வன்னியக் கிறிஸ்தவர் பெரும்பான்மையினர். தலித் கிறிஸ்தவருக்குத் தனிக் கல்லறை. பிணத்தை எடுத்துச் செல்லும் வழியும் வண்டியும் தனி. அவர்கள் தாங்கள் கட்டிய சகாய அன்னை கோயிலைத் தனிப் பங்காக அறிவிக்கக் கோரி 2008 மார்ச்சில் உண்ணாவிரதம் இருந்தனர். மார்ச் 9 அன்று அவர்களுடைய வீடுகள் தாக்கப்பட்டன. காவல்துறை சுட்டதில் வன்னியக் கிறிஸ்தவர் இருவர் இறந்தனர்.

1745-இல் சுவரை இடிக்கச் சொன்ன மக்களின் வழித்தோன்றல்கள், 263 ஆண்டுகளுக்குப் பின் தங்களுக்குத் தனிப் பங்கு கேட்க வேண்டியிருந்தது. சேர்ந்து வழிபடும் நம்பிக்கை தேய்ந்தபோது தனித்து வழிபடும் மரியாதையாவது கிடைக்கட்டும் என்பது அக்கோரிக்கையின் பொருள். 2016-இல் இந்தியக் கத்தோலிக்க ஆயர் பேரவை வெளியிட்ட தலித் மேம்பாட்டுக் கொள்கை, சாதிப் பாகுபாடு திருச்சபைக்குள் இருப்பதை ஒப்புக்கொண்டு அதைப் பாவம் என்று அறிவித்தது.

மதிப்பீடு

திரையை உயர்த்தித் திருச்சபையைத் தாழ்த்திப் பேசுவது எளிது. ஆனால் இருபுறமும் பார்க்க வேண்டும். திரை யாரையும் விலக்கவில்லை, ஆனால் யாரையும் தாங்கவும் இல்லை. படம் முடிந்ததும் துணியைச் சுருட்டிக்கொண்டு போகிறது. திருச்சபை பள்ளிகளையும் மருத்துவமனைகளையும் கட்டியது. கேள்வி கேட்கும் சொற்களையும் அதுவே தந்தது. 1745-இல் பறையர்கள் தங்களைச் சீடர்கள் என்று சொல்லிக்கொண்டுதான் சுவரைக் கேள்வி கேட்டனர். எறையூர் மக்களும் சபையைவிட்டு விலகவில்லை, அதற்குள் இடம் கேட்டே போராடினர்.

நம்பிக்கைக்கும் அமைப்புக்கும் உள்ள இடைவெளியை இங்கே இறையியல் மட்டும் உண்டாக்கவில்லை. யார் பக்கத்தில் யார் உட்கார்வது, யார் வீட்டில் யார் பெண் எடுப்பது, யாரை எங்கே புதைப்பது என்ற கேள்விகள் அதை உண்டாக்கின. சிலுவைக் காட்சியைச் சேர்ந்து பார்த்து அழுத ஊர், இறந்தவர்களை ஒரே கல்லறையில் புதைக்கும் நாளில்தான் அந்த இடைவெளி மூடும்.