வட ஆர்க்காட்டில் காங்கிரஸின் மீட்சி: 1952 முதல் 1957 வரை

தேர்தலில் தோற்ற கட்சி மறுபடி தலையெடுக்க இரண்டு மார்க்கங்கள் உண்டு. சட்டசபைக்குள் எண்ணிக்கையைச் சரிக்கட்டிக்கொள்வது ஒன்று. தன்னைக் கைவிட்ட ஜனங்களிடம் திரும்பிச் செல்வது மற்றொன்று. சென்னை ராஜ்யத்துக் காங்கிரஸ் 1952-க்குப் பின் இவ்விரண்டையும் அடுத்தடுத்துக் கைக்கொண்டது. அது சுதந்திரப் போராட்டத்தை நடத்திய ஸ்தாபனமே ஆயினும், ஆட்சிக்கு வந்தபின் நிலவுடைமையாளரையும் வணிகரையும் பெரிதும் சார்ந்து, கம்யூனிஸ்டுகளைத் தடுத்து நிறுத்துவதையே தலையாய கடமையாகக் கருதிய பழமைப் பற்றுள்ள கட்சியாக அப்பொழுது விளங்கிற்று. ஆரணி, குடியாத்தம் முதலிய நெசவூர்களைக் கொண்ட வட ஆர்க்காடு ஜில்லா அந்த இரு முயற்சிகளுக்கும் களமாக அமைந்தது.

சர்வஜன வாக்குரிமையின்கீழ் நடந்த முதல் தேர்தலில், 375 ஸ்தானங்களில் காங்கிரஸுக்குக் கிடைத்தவை 152 மட்டுமே. கம்யூனிஸ்டுகள் 62 இடங்களில் வென்றனர். ஆர்க்காட்டுப் பிரதேசங்களில் காங்கிரஸுக்கு நேர்ந்த இடையூறு வேறு வகையினது. அங்கே வன்னியப் பெருமக்கள் தங்களுக்கெனக் கட்சிகள் கண்டு, ராமசாமிப் படையாச்சியின் தமிழ்நாடு உழைப்பாளர் கட்சிக்கு 19 இடங்களும், வட ஆர்க்காட்டு மாணிக்கவேலு நாயக்கரின் காமன்வீல் கட்சிக்கு 6 இடங்களும் தேடித் தந்தனர்.

இந்நிலையில் அழைத்துவரப்பட்ட ராஜாஜி, தேர்தலில் நில்லாமல் மேல்சபைக்கு நியமனம் பெற்று, 1952 ஏப்ரல் 10-இல் முதன்மந்திரியானார். மாணிக்கவேலு நாயக்கருக்கு மந்திரிப் பதவி தந்து காமன்வீல் கட்சியின் ஆதரவைப் பெற்ற அவர், ஜூலை 3-இல் 151-க்கு எதிராக 200 வாக்குகளால் நம்பிக்கைத் தீர்மானத்தில் வென்றார். முதல் மார்க்கம் இவ்வாறு பலித்தது. ஆனால் சபைக்குள் கூட்டிய தொகை, சபைக்கு வெளியே கட்சியை வளர்த்துவிடவில்லை.

அக்காலத்தில் கைத்தறி பெருத்த நெருக்கடியில் இருந்தது. வேட்டியும் சேலையும் கைத்தறிக்கே ஒதுக்கப்பட வேண்டுமென்று ராஜாஜி டில்லியுடன் வாதாடினார், மில் வேட்டி உற்பத்திக்கு மத்திய சர்க்கார் வரம்பு விதித்தது, தி.மு.க.வினரோ 1953-இல் கைத்தறித் துணியைத் தோளில் சுமந்து வீதிவீதியாக விற்றனர். மில் வேட்டிக்கு விதித்த அவ்வரம்பு பருத்தி நெசவுக்கு உதவியதேயன்றி, மைசூர்ப் பட்டு நூலையும் சூரத்து ஜரிகையையும் நம்பியிருந்த ஆரணிப் பட்டு நெசவாளருக்கு நேரான ஆதாயம் தரவில்லை. 1953-இல் ராஜாஜி கொண்டுவந்த புதிய ஆரம்பக் கல்வித் திட்டம், பள்ளி நேரத்தைக் குறைத்து, எஞ்சிய பொழுதில் பிள்ளைகள் பெற்றோர் தொழிலைப் பயில வேண்டுமென்றது. கோர்வைச் சேலை நெய்கையில் தறிக்குழியில் அமர்ந்த தகப்பனுக்கு எதிர்க்கரையிலிருந்து நாடாவை வீசித் தரும் சிறுவன், எந்தச் சட்டமும் இன்றியே தொழில் பயின்றுகொண்டிருந்தான். அவனுக்குத் தேவைப்பட்டது தறியினின்று விலகிப் படிக்கும் நேரமே. திட்டம் குலக்கல்வி என்று பெயர் பெற்று, அதனால் எழுந்த எதிர்ப்பில் ராஜாஜி பதவி துறந்தார்.

1954 ஏப்ரல் 13-இல் முதன்மந்திரியான காமராஜர் அத்திட்டத்தைக் கைவிட்டார். படையாச்சியையும் மந்திரி சபையில் சேர்த்துக்கொண்டார். நாளடைவில் இரு வன்னியக் கட்சிகளும் காங்கிரஸில் கலந்தன. தாம் சட்டசபைக்குள் நுழைய அவர் தெரிந்தெடுத்ததும் வட ஆர்க்காட்டுக் குடியாத்தமே. நியமன ஸ்தானத்தை நாடாமல் ஜனங்களின் வாக்கை நாடி, பெரியாரின் ஆதரவோடு அங்கே வென்றது, இரண்டாம் மார்க்கத்தின் தெளிவான அறிகுறியாகும்.

1957-இல் 205 ஸ்தானங்களில் 151 காங்கிரஸ் வசமாயின. இவ்வெற்றியை மதிப்பிடுகையில், கம்யூனிஸ்டுகள் வலுப்பெற்றிருந்த ஆந்திரப் பகுதி 1953-லும் மலபார் 1956-லும் ராஜ்யத்தினின்று பிரிந்தமையையும் கணக்கில் கொள்ள வேண்டும். மீட்சியில் ஒரு பங்கு எல்லைக்கோட்டின் கொடையே. மேலும், வென்ற அதே தேர்தலில் பட்டு நெசவுக்குப் பெயர்போன காஞ்சிபுரம் அண்ணாதுரையைத் தேர்ந்தெடுத்தது, பாராளுமன்றத்துக்குத் தி.மு.க. முதன்முதலாக அனுப்பிய இருவரில் ஒருவரான தருமலிங்கம் திருவண்ணாமலைத் தொகுதியில் வென்றார். இவற்றுள் பின்னது, ஜாதித் தலைவர்களைச் சேர்த்துக்கொண்ட வட ஆர்க்காட்டு ஜில்லாவிலேயே நேர்ந்தது கவனிக்கத்தக்கது.

ராஜாஜி 1959-இல் சுதந்திராக் கட்சியை நிறுவ, பழமைப் பற்றாளருக்குத் தனி முகாம் கிடைத்தது, 1967-இல் தி.மு.க.வுடன் கைகோத்த அக்கட்சி 20 இடங்களைப் பெற, காங்கிரஸ் 234-இல் 51-ஆகச் சுருங்கிற்று. தலைவர்களை உள்ளே அழைத்ததால் காங்கிரஸுக்குப் பத்தாண்டுக்கு மேல் ஆட்சி வாய்த்தது என்பதில் ஐயமில்லை. எனினும் அத்தலைவர்களுக்குப் பின்னால் நின்ற வாக்காளரின் குறையைத் தீர்க்கும் வேலை மீதமிருந்தது. அதைத் தன் பிரசாரத்தின் நடுப்பொருளாக்கிக்கொண்ட கட்சியே அடுத்த ஆட்சிக்கு உரியதாயிற்று.