வெங்காயத்துக்கு வந்த பெயர்

சிந்தி மொழியில் வெங்காயத்துக்குப் 'பஸரு' என்று பெயர். தினமும் அடுப்படியில் புழங்குகிற சாமான்தான். பெயர் மட்டும் வெளியூர்! அரபு மொழியில் அது 'பஸல்'. மலையைக் குறிக்கும் 'ஜபலு' என்ற சொல்லும் அங்கிருந்து வந்ததே.

கி.பி. 712-ல் முகம்மது பின் காசிம் சிந்து நாட்டை வென்றார். பின்னர்ப் பாரசீக மொழி பல நூற்றாண்டுகள் அரசவையில் கொலுவிருந்தது. 1843-ல் நேப்பியர் என்ற தளபதி சிந்துவைப் பிடித்ததும் ஆங்கிலமும் வந்து சேர்ந்தது. இத்தனை பேர் வந்து போன இடத்தில் சொந்த மொழி எப்படி மிஞ்சியது?

வந்த சொற்களை வந்த கோலத்திலேயே சிந்தி விட்டுவைக்கவில்லை. அதன் பெயர்ச்சொற்கள் உயிர் ஒலியில் முடிபவை. ஹிந்தியில் 'ஹாத்' எனப்படும் கை, சிந்தியில் 'ஹத்து'. அந்த முறைப்படியே அரபு மொழியின் 'கிதாப்' அங்கே 'கிதாபு' ஆயிற்று. புகுந்த வீட்டுக்கு வந்த மருமகள் அந்த வீட்டு வழக்கப்படி புடவை உடுத்திக்கொள்வதில்லையா? அதைப் போலத்தான்.

நாட்டுக்குள்ளேயே பேச்சு ஒன்றாக இருக்கவில்லை. வடக்கே சிரோ, தெற்கே லார், நடுவே விசோலோ. லாரில் படித்த பண்டிதன் சிரோவுக்குப் போனால் எருது என்று அவர்களிடையே ஒரு பழமொழி உண்டு. கடைசியில் நடுப்பகுதியின் விசோலிப் பேச்சே நூல்களுக்கு உரிய மொழியாயிற்று.

எழுத்து விஷயத்திலும் போட்டி இருந்தது. தேவநாகரி வேண்டும் என்றார் ஸ்டாக். அரபு எழுத்தே தகும் என்றார் பர்ட்டன். 1853-ல் 52 எழுத்துக்கள் கொண்ட அரபு வரிவடிவம் நிலைபெற்றது. மூச்சை உள்ளிழுத்து ஒலிக்கும் நான்கு தனி ஒலிகளுக்கும் அதில் இடம் கிடைத்தது.

பிறகு 1947 வந்தது. லட்சக்கணக்கான சிந்தி ஹிந்துக்கள் வீடு வாசலை விட்டு இந்தியாவுக்கு வந்தார்கள். 1967-ல் நம் அரசியல் சட்டத்தின் எட்டாவது அட்டவணையில் சிந்தி இடம்பெற்றது. மரியாதை கிடைத்தது, மண் கிடைக்கவில்லை. அவர்களுக்கென்று ஒரு மாநிலம் இல்லை. பிள்ளைகள் குடியேறிய ஊரின் மொழியில் படித்தார்கள். சிந்தி படித்தவர்களில் பலர் அதைத் தேவநாகரியில் கற்றார்கள்.

ஆயிரம் சொற்களைக் கடன் வாங்கியபோது சிந்திக்கு ஒரு குறையும் நேரவில்லை. ஆனால் தாத்தா அரபு எழுத்தில் எழுதி வைத்த கடிதத்தைப் பேரன் புரட்டிப் பார்த்துவிட்டு, படிக்கத் தெரியாமல் மடித்து வைக்கிறானே, நஷ்டம் அங்கேதான்.