கும்பினித் துரைகளின் சென்னைக் கோடை

பதினாறு, பதினேழு பிராயத்திலேயே கிழக்கிந்தியக் கும்பினியின் உத்தியோகத்தை நாடிக் கப்பலேறி, நன்னம்பிக்கை முனையைச் சுற்றிக்கொண்டு மாதக்கணக்கில் சமுத்திரத்தில் மிதந்து, கடைசியில் சென்னப்பட்டணத்துக் கரையைக் கண்ட ஆங்கிலேய இளைஞனுக்கு, அந்தக் கரையில் கால் வைப்பதற்கு முன்பே முதல் சங்கடம் காத்திருந்தது. 1870-களுக்கு முன் இங்கே துறைமுக வேலையே தொடங்கவில்லையாதலால், கப்பல்கள் தூரத்திலேயே நங்கூரம் பாய்ச்சி நிற்க, ஆணி ஒன்றுகூட அடிக்காமல் பலகைகளைக் கயிற்றால் தைத்துக் கட்டிய மசூலாப் படகுகளில் மனிதரும் மூட்டைகளும் இறக்கப்பட்டு, வரிசை வரிசையாக மடிந்து விழும் அலைகளுக்கு ஊடே கரைக்குக் கொண்டுவரப்பட்டார்கள். ஆணியடித்த ஐரோப்பியப் படகு அந்த அலையில் மோதிச் சிதறிவிடும். தைத்த படகோ அலைக்குத் தக்கபடி நெகிழ்ந்து கொடுக்கும். நம் கரையோரத்து மீனவரின் இந்தச் சாமர்த்தியத்தை நம்பித்தான் ஒரு ராஜ்யத்தின் உத்தியோகஸ்தர்கள் அனைவரும் இங்கே வந்திறங்கினர்.

அவர்களுடைய தேசத்தில் கோடை என்பது ஜனங்கள் வெயிலைத் தேடி வெளியே வரும் பருவம். இங்கே சித்திரையும் வைகாசியும் வெயிலுக்கு ஒளிந்து வாழவேண்டிய காலம். ஆயினும் சுயதேசத்து ஆசாரத்தை விட்டுக்கொடுக்க மனமின்றி, புதிதாக வந்தவர்கள் கனத்த உடுப்பு அணிந்து உச்சிவேளையிலேயே ஒருவர் வீட்டுக்கு ஒருவர் மரியாதைக்காகப் போய் வருவதை வெகுகாலம் வழக்கமாகக் கொண்டிருந்தனர். உடம்பெல்லாம் வேர்க்குரு படர்ந்தது. கப்பலில் அருமையாகக் கொண்டுவந்த புஸ்தகங்களைக் கறையான் அரித்தது. ஜூலியா மெயிட்லண்ட் என்ற மாது 1836 முதல் 1839 வரை இம்மாகாணத்திலிருந்து எழுதிய கடிதங்கள் 1843-ல் நூலாக வெளிவந்தன. அக்காலத்து வெள்ளையர் குடும்பங்களின் அன்றாட வாழ்வை அறிய விரும்புவோர் அவசியம் படிக்கவேண்டியது அது.

சங்கடங்களுக்குப் பரிகாரம் தேடியபோது அவர்கள் கற்றுக்கொண்டது இந்நாட்டாரிடத்திலேதான். மேற்கே பார்த்த வாசல்களிலும் ஜன்னல்களிலும் வெட்டிவேர்த் தட்டிகளைப் பொருத்தி, ஓயாமல் தண்ணீர் தெளித்துவர, நெருப்பை அள்ளி வீசும் மேல்காற்று அந்த ஈரத்தின் வழியே நுழையும்போது குளிர்ந்து, வாசனையும் ஏற்று உள்ளே வந்தது. காற்று வறண்டிருந்தால்தான் இந்த உபாயம் பலிக்கும். கடற்காற்று திரும்பியதும் தட்டியை அகற்றிவிட்டுக் கதவுகளை விரியத் திறந்துவிடுவார்கள். அந்தக் காற்றை எதிர்கொள்ளவே சாயங்காலங்களில் கோச்சு வண்டிகள், காரன்வாலிஸ் பிரபுவின் ஞாபகார்த்த மண்டபம் அப்போது நின்றிருந்த தேனாம்பேட்டைப் பக்கத்தை நோக்கி அணிவகுத்துச் சென்றன. செனடாப் ரோடு என்று இன்றும் வழங்கும் வீதி அந்த மண்டபத்தின் பெயரைத் தாங்கியது.

காற்றே இல்லாத இராத்திரிகளுக்கு பங்கா இருந்தது. கூரையிலிருந்து தொங்கும் நீண்ட மரச்சட்டம், அதன் கீழே துணி மடிப்பு, சட்டத்தில் கட்டிய கயிறு சுவரிலுள்ள துவாரத்தின் வழியே தாழ்வாரத்துக்குப் போகும். கயிற்றின் மறுமுனை அங்கே உட்கார்ந்திருக்கும் ஒரு மனிதனின் கையில். உள்ளே துரை உறங்குவதற்காக வெளியே அவன் உறங்காதிருக்க வேண்டும். கண்ணயர்ந்து கயிறு நின்றுவிட்டால் வசவும், சில வீடுகளில் அடியும் கிடைத்தன. அன்னிய தேசத்தில் அவர்கள் பட்ட அவஸ்தைகளை இரக்கத்தோடு படிக்கும் நாம், அந்தத் தாழ்வாரத்து மனிதனை மறந்து படிப்பது நியாயமல்ல.

அவர்கள் அநுபவித்த சின்னஞ்சிறு சுகங்களுள் மிக அதிசயமானது பனிக்கட்டி. அதற்குமுன் வெடியுப்பைக் கரைத்த நீரில் பாட்டிலை வைத்துச் சுழற்றியே பானங்களைக் குளிரச் செய்துவந்தார்கள். அமெரிக்காவின் பாஸ்டன் நகரத்து வர்த்தகர் பிரெடெரிக் டியூடர், தம் ஊர்ப் பக்கத்து ஏரிகளில் குளிர்காலத்தில் உறையும் பனியை உஷ்ணப் பிரதேசங்களுக்கு அனுப்பி விற்கலாம் என்று 1806-ல் முதல் கப்பலை விட்டபோது, அவரைப் பரிகசிக்காதவர் குறைவு. குதிரைகள் இழுக்கும் ஒருவகைக் கலப்பையால் உறைந்த ஏரியின்மேல் கட்டம் கட்டமாகக் கீறி, ஒரே அளவான பாளங்களாக அறுத்து, மரத்தூளில் புதைத்துக் கப்பலின் அடித்தட்டில் நெருக்கி அடுக்கும் முறை தேறியபின், 1833-ல் 'டஸ்கனி' என்ற கப்பல் 180 டன் பனிக்கட்டியுடன் கல்கத்தாவுக்குப் புறப்பட்டது. பூமத்திய ரேகையை இருமுறை கடந்த நான்கு மாதப் பிரயாணத்துக்குப் பிறகும் அதில் ஏறக்குறைய 100 டன் கரையாமல் எஞ்சியிருந்தது. மரத்தூள் காத்த விந்தை அது!

சென்னைக்கென்று 1842-ல் திருவல்லிக்கேணிக் கடற்கரையில், வளைந்த முகப்புடன் ஒரு பனிக்கட்டிக் கிடங்கு எழும்பியது. மனிதரைக் கரை சேர்த்த அதே மசூலாப் படகுகள்தான் பனிப்பாளங்களையும் கரை சேர்த்தன. இங்கே வெயில் கொளுத்தும் மணலில், ஜன்மத்தில் பனியே கண்டிராத நம் கூலியாட்கள், மாஸாசூஸெட்ஸ் ஏரியின் குளிர்காலத்தைச் சுமந்து சென்ற அந்தக் காட்சியை எழுதிவைத்தவர் எவரும் இல்லையே என்று எனக்கு மிகுந்த வருத்தம். அமெரிக்க எழுத்தாளர் தோரோ தம் 'வால்டன்' நூலில், தாம் வாழ்ந்த குளத்தின் பனி சென்னைக்குப் போவதை நினைத்து மகிழ்ந்து எழுதியிருக்கிறார். இறக்கிய கைகளைப் பற்றி எழுதத்தான் ஆளில்லாமல் போயிற்று.

மலைவாசம் தனிக் கதை. கோயம்புத்தூர் கலெக்டர் ஜான் சல்லிவன் 1819-ல் நீலகிரி ஏறி, சில ஆண்டுகளில் உதகையில் கல்வீடு கட்டியபின், வசதியுள்ள துரைகள் கோடையைச் சென்னையில் கழிப்பதையே விட்டனர். 1834-ல் கும்பினி அரசின் சட்ட அங்கத்தினராக வந்த மெக்காலே சென்னையிலிருந்து உதகை வரை பல்லக்கிலேயே சென்றார். 1899-ல் குன்னூருக்கும் 1908-ல் உதகைக்கும் ரயில் வந்தது.

1870-களில் ஆவியந்திரத்தால் பனிக்கட்டி செய்யும் தொழில் சென்னையிலேயே தோன்றவே, கப்பல் பனி நின்றது. கிடங்கை வாங்கிய வக்கீல் பிலிகிரி ஐயங்கார் ஜன்னல்களும் தாழ்வாரங்களும் அமைத்து வீடாக்கினார். 1897 பிப்ரவரியில் சுவாமி விவேகானந்தர் அங்கே தங்கினார். பிற்பாடு சகோதரி சுப்புலட்சுமி இளம் விதவைகளுக்காக நடத்திய விடுதி அங்கே இயங்கியது. கல்கத்தாவிலும் பம்பாயிலும் இருந்த கிடங்குகள் மறைந்துவிட, இது ஒன்றே விவேகானந்தர் இல்லமாக நிற்கிறது. கட்டடத்துக்குச் சரித்திரம் இருக்கிறது. பங்கா இழுத்தவர்க்கும், தட்டி நனைத்தவர்க்கும், பாளம் சுமந்தவர்க்கும் இன்னும் இல்லை. எழும்பூர் ஆவணக் காப்பகத்தின் பழைய கணக்குகளிலும், அக்காலக் குடும்பங்களின் செலவுக் குறிப்புகளிலும் அவர்களுடைய கூலியையும் வேலை நேரத்தையும் தேடித் தொகுக்கும் பணியை, சரித்திரம் பயிலும் நம் இளைஞர்கள் தாமதமின்றி ஏற்கவேண்டும்.