கூந்தன்குளம்: புள்ளினம் போற்றும் பொருநை நாட்டு ஊர்

பொதிகையில் பிறந்து புன்னைக்காயலில் கடலொடு கலக்கும் பொருநையின் வரலாறு ஓர் ஆற்றின் வரலாறு மட்டுமன்று. அது குளங்களின் வரலாறும் ஆகும். கோடைமேலழகியான் தொடங்கி மருதூர் ஈறாக உள்ள ஏழு அணைக்கட்டுகள் மன்னர் காலத்தவை. எட்டாவதாகிய ஸ்ரீவைகுண்டம் அணைக்கட்டு 19 ஆம் நூற்றாண்டில் ஆங்கிலேயர் ஆட்சியில் எழுந்தது. இவற்றினின்று பிரிந்த கால்வாய்கள் வயல்களுக்குப் பாய்ந்ததோடு வழியிலுள்ள குளங்களையும் நிரப்பின. ஒரு குளத்தின் மறுகால் நீர் அடுத்த குளத்திற்கு வரத்தாயிற்று.

ஆற்றை விட்டுத் தெற்கே நாங்குநேரி வட்டத்திற்குள் சென்றால் நிலத்தின் தோற்றம் வேறாகும். அங்கே பனையும் உடைமரமும் மிகுதி. குளங்களோ வானம் பார்த்தவை. அந்தப் பகுதியில், மூலைக்கரைப்பட்டியை அடுத்து அமைந்துள்ள சிற்றூரே கூந்தன்குளம். காமராசர் ஆட்சிக் காலத்தில் மணிமுத்தாற்றின் குறுக்கே 118 அடி நீர்த்தேக்க உயரமுடைய அணை கட்டப்பட்டு, 1958 இல் பயன்பாட்டிற்கு வந்தது. பொருநையின் துணையாறான மணிமுத்தாற்றின் நீர் கால்வாய் வழியாக இவ்வறண்ட பகுதிக்கும் வரத் தொடங்கியது. இன்று இக்குளத்தின் வாழ்வு மழையோடு அக்கால்வாயையும் சார்ந்தே நிற்கிறது.

மார்கழி, தை மாதங்களில் இவ்வூருக்குச் செல்வோர் காண்பது வியப்புக்குரிய காட்சியாகும். கூழைக்கடாவும் மஞ்சள் மூக்கு நாரையும் கரண்டிவாயனும் கூடு கட்ட இடம் தேடி வருகின்றன. நடு ஆசியாவின் உயர்நில ஏரிகளில் குஞ்சு பொரிக்கும் வரித்தலை வாத்து, இமயத்தைக் கடந்து குளிர்காலத்தைக் கழிக்க இங்கு வருகிறது. பூநாரைகளும் ஆழமற்ற நீரில் இரை தேடுகின்றன. குளத்திலுள்ள கருவேல மரங்கள் மட்டுமன்றி, ஊருக்குள் வீட்டு முற்றத்து வேம்பும் புளியும்கூடப் பறவைகளுக்குக் குடியிருப்பாகின்றன. மனிதர் நடமாட்டத்திற்கு அஞ்சி ஒதுங்க வேண்டிய பறவை, மனிதரின் கூரைக்கு மேலேயே முட்டையிட்டு அடைகாக்கிறது. இந்நம்பிக்கை ஒரு நாளில் பிறந்ததாக இருக்க இயலாது.

இவ்வூரார் தீபாவளிக்கும் வெடி வெடிப்பதில்லை. எச்சத்தின் வீச்சத்தையும் கூடுகளின் இரைச்சலையும் மாதக்கணக்கில் பொறுத்துக்கொள்கின்றனர். பறவை வந்தால் ஊர் செழிக்கும் என்பது அவர்தம் நம்பிக்கை. அந்நம்பிக்கைக்குள் உழவரின் பட்டறிவும் உண்டு. பறவை எச்சம் கலந்த குளத்துக் கரம்பை மண், கோடையில் வயலுக்கு உரமாகிறது. கூட்டிலிருந்து தவறி விழுந்த குஞ்சுகளை எடுத்து, மீன் ஊட்டி வளர்த்த இவ்வூர்ப் பால்பாண்டியின் பெயர் பறவை ஆர்வலர் பலரும் அறிந்தது. அவர் 2021 இல் மறைந்தார்.

1994 இல் அரசு இக்குளத்தைப் பறவைகள் சரணாலயமாக அறிவித்தது. 1971 இல் ஈரான் நாட்டின் ராம்சர் நகரில் உருவான உடன்படிக்கையின்படி, உலகச் சிறப்புடைய ஈரநிலங்களின் பட்டியலில் கூந்தன்குளம் இடம்பெற்ற செய்தி 2022 இல் வெளியாயிற்று. இவ்வறிவிப்புகள் பெருமைக்குரியனவே. எனினும், காலமுறையை நோக்குமிடத்து ஓர் உண்மை புலனாகும்: ஊரின் ஒழுக்கம் முந்தியது; சட்டம் பிந்தியது. வேடந்தாங்கலிலும் 18 ஆம் நூற்றாண்டின் இறுதியில், பறவைகளைச் சுடுவோரைத் தடுக்க வேண்டி ஆட்சியர் லயோனல் பிளேசை அணுகியவர்கள் ஊர்மக்களே. பொருநைக் கரையில் நறும்பூநாதர் கோயில் கொண்ட திருப்புடைமருதூரின் மருத மரங்களில் கூடு கட்டும் பறவைகளையும் ஊராரே காத்து வந்தனர். 2005 இல் அவ்விடம் நாட்டின் முதல் பாதுகாப்புக் காப்பகமாயிற்று.

தொல்காப்பியர் நிலத்தின் கருப்பொருள்களுள் புள்ளையும் ஒன்றாக வைத்தார். சத்திமுத்தப் புலவர் தம் வறுமையை மனைவிக்கு உரைக்க நாரையைத் தூது விடுத்தார். பறவையை நிலத்தின் உறுப்பாகவும் உறவாகவும் கண்ட இம்மரபைப் புலவர் ஏட்டில் காத்தனர். கூந்தன்குளத்தார் முற்றத்தில் காத்தனர். முற்றத்து மரபு ஏட்டு மரபைவிட எளிதில் அழியக்கூடியது. சட்டம் வேட்டைக்காரனைத் தண்டிக்கும். ஆனால் வாசலில் விழும் எச்சத்தை முகம் சுளிக்காமல் பெருக்கித் தள்ளுமாறு ஓர் இல்லத்தரசிக்கு எந்தச் சட்டமும் ஆணையிட முடியாது. கால்வாய் நீர் வாராத ஆண்டில் குளம் வறளும். குளம் வறண்டால் பறவை வாராது. பறவையைக் காணாமலே ஒரு தலைமுறை வளருமாயின், வெடி வெடிக்காத தீபாவளியின் பொருள் அதற்கு விளங்காது போகும்.

ஆகவே கூந்தன்குளத்தின் வரலாற்றை எழுதுவோர் பறவைகளை எண்ணுவதோடு நில்லாமல், மடையையும் மறுகாலையும் எண்ண வேண்டும். பொறுத்துக்கொண்ட மனிதரின் சொல்லையும் அவர் வாழும் காலத்திலேயே கேட்டு எழுதிவைக்க வேண்டும். பொருநை நாட்டுக் கவிஞர்க்கு இதனினும் உரிய பணி பிறிதொன்று உளதோ!